இளவரசனுக்கு ஒரு உள்குத்து!

கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. பதினாலு வருஷம் நீங்க உயிரைக் கொடுத்துப் பார்த்த அரசாங்க வேலை ஒரே நாளில் காலி. மூணு மாசம் கழித்து, புது ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கும்பலின் லிஸ்ட் ஒன்று சிக்குகிறது. அதில் உங்க பேரும் இருக்கு. பிடித்துக்கொண்டு போய்க் கையைப் பின்னால் கட்டி, கப்பியில் கயிறு கோர்த்து உயரே இழுத்து, பொசுக்கென்று கீழே விடுகிறார்கள். கால் தரையைத் தொடுவதற்கு முன் கயிறு வெடுக்கென நிற்கும். தோள்பட்டை கழன்றுவிடும். இப்படி ஒரு தடவை இல்லை, ஆறு தடவை.

வெளியே வந்த நீங்க, அதே வருஷம் முடிவதற்குள் ஒரு புத்தகம் எழுதுறீங்க. ஆட்சியை எப்படிப் பிடிப்பது, பிடித்ததை எப்படி விடாமல் வைத்திருப்பது என்று சொல்லித்தரும் புத்தகம். யாருக்குத் தரப்போறீங்க தெரியுமா? உங்களைக் கயிற்றில் தொங்கவிட்ட அதே குடும்பத்துக்கு!

இப்போ சொல்லுங்க. அந்தப் புத்தகத்தில் நிஜமான ஐடியா கொடுப்பீங்களா, இல்லை சைலன்ட்டா ஆப்பு வைப்பீங்களா?

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் பெரிய பெரிய மூளைகள் நானூறு வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கின்றன. இன்னும் முடிந்தபாடில்லை. ஆளின் பேர் நிக்கோலோ மாக்கியவெல்லி. ஊர் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ். புத்தகம் 'தி பிரின்ஸ்', அதாவது 'இளவரசன்'. பொலிடிகல் சயின்ஸ் படிக்கிற ஆளா இருந்தா உங்க சிலபஸில் எங்கேயாவது கண்டிப்பா எட்டிப் பார்த்திருப்பார். எம்.பி.ஏ. ஆளா இருந்தா 'லீடர்ஷிப்' வகுப்பில் யாராவது ஒரு பிரொபசர் அவர் சொன்னதாக ஏதாவது எடுத்துவிட்டிருப்பார். அதிலும் 'முடிவு நல்லதா இருந்தா வழி எப்படி இருந்தாலும் ஓகே' என்கிற டயலாக். அப்படி ஒரு வாக்கியம் அந்தப் புத்தகத்திலேயே கிடையாது பாஸ். பதினெட்டாம் அத்தியாயத்தில் கொஞ்சம் அந்த வாசனையில் ஒன்று வரும். மக்கள் முடிவைப் பார்த்துத்தான் ஆளை எடைபோடுவாங்க என்கிற மாதிரி. மற்றதெல்லாம் பிற்காலத்து ஆட்கள் ஒட்டவைத்த ஸ்டிக்கர்.

யாருப்பா இந்த ஆளு?

1469-ல் பிறந்தவர். 1498-ல், இருபத்தொன்பது வயதில், ஃப்ளோரன்ஸ் குடியரசின் இரண்டாவது தலைமைச் செயலகத்துக்குச் செயலாளர் ஆனார். அப்போ அங்கே ராஜா கிடையாது. மெடிசி என்கிற பணக்கார பேங்க் குடும்பம்தான் பல வருஷம் பின்னாலிருந்து ஆட்டிப்படைத்தது. 1494-ல் அவர்களை விரட்டிவிட்டு ஊர்க்காரர்களே ஆண்டுகொண்டிருந்தார்கள். மாக்கியவெல்லி அந்தக் குடியரசின் தூதராகப் பிரான்ஸ், ரோம், ஜெர்மனி என்று குதிரையில் சுற்றினார். கூலிப்படையை நம்பாமல் ஊர்க்காரர்களையே வைத்து ஒரு படை கட்டினார். 1512-ல் ஸ்பானியப் படையின் துணையோடு மெடிசிகள் திரும்பி வந்தார்கள். நவம்பரில் இவருக்கு டிஸ்மிஸ் ஆர்டர். 1513 பிப்ரவரியில் ஜெயில், கயிறு, எல்லாம். அந்தச் சதியின் தலைவர்கள் இரண்டு பேருக்குத் தலையே போனது. மார்ச்சில் மெடிசி வீட்டுப் பையன் ஒருவர் பத்தாம் லியோ என்ற பேரில் போப் ஆனார். அந்தக் கொண்டாட்டப் பொதுமன்னிப்பில்தான் நம்ம ஆள் தப்பித்தார்.

ஊருக்கு வெளியே சொந்தமா ஒரு சின்னப் பண்ணை. பகலில் மரம் வெட்டுகிறவர்களோடு சண்டை, கள்ளுக்கடை மாதிரி ஒரு சத்திரத்தில் கசாப்புக்கடைக்காரரோடு சூதாட்டம், காலணாவுக்குக் கத்தல். ராத்திரி ஆனால் சேறு படிந்த துணியைக் கழற்றிப்போட்டு, அரசவைக்குப் போகிற உடையைப் போட்டுக்கொண்டு படிப்பறைக்குள் போவாராம். நாலு மணி நேரம் பழைய ரோமானிய ஆசிரியர்களோடு 'பேசிவிட்டு' வருவாராம். இதெல்லாம் 1513 டிசம்பர் 10-ஆம் தேதி தன் நண்பர் வெட்டோரிக்கு அவரே எழுதிய கடிதத்தில் இருக்கிற சங்கதி. அதே கடிதத்தில்தான் போகிறபோக்கில் சொல்கிறார், ஆட்சிகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருக்கிறேன் என்று. முதலில் ஜூலியானோ மெடிசிக்குத் தர நினைத்தார். அவர் 1516-ல் போய்ச் சேர்ந்துவிட, கடைசியில் காணிக்கை அடுத்த தலைமுறை லோரென்ஸோ மெடிசிக்கு. லோரென்ஸோவுக்கு அதே நேரத்தில் வேறு ஒருத்தர் வேட்டை நாய்கள் கொண்டுவந்து கொடுத்ததாகவும், துரை நாய்க்காரரைத்தான் கண்டுகொண்டார் என்றும் ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, நம்பத் தோன்றுகிறது இல்லையா?

புத்தகம் அச்சானது 1532-ல். எழுதியவர் செத்து அஞ்சு வருஷம் கழித்து. அச்சடிக்க அனுமதி கொடுத்தவர் ஒரு போப், அவரும் மெடிசி வீட்டுக்காரர். 1559-ல் அதே சர்ச் தடைப் பட்டியலில் அவர் எழுதின அத்தனையையும் தூக்கிப் போட்டது. என்ன காமெடி!

கெட்டவனா, வேஷம் போட்ட நல்லவனா?

புத்தகத்தை மேலோட்டமாகப் படித்தால் மனுஷன் சாத்தானின் பி.ஏ. மாதிரி தெரிவார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் உனக்கு நஷ்டம் என்றால் காப்பாற்றாதே. அன்பு, பயம் ரெண்டில் ஒன்றைத்தான் சம்பாதிக்க முடியும் என்றால் பயத்தைச் சம்பாதி. கொடுமையா? ஒரே மூச்சில் முடித்துவிடு, தவணை முறை வேண்டாம். இதைப் படித்த சில பேர், குடியரசுக்கு உழைத்த ஆள் இதை எழுதியிருப்பாரா, இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவர்களில் ஒருத்தர் ஆல்பெரிக்கோ ஜென்டிலி. மத காரணத்துக்காக இத்தாலியிலிருந்து ஓடிவந்து ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். 1585-ல் அவர் எழுதியதன் சாரம் இது: மாக்கியவெல்லி கொடுங்கோலனுக்குப் பாடம் எடுக்கவில்லை. கொடுங்கோலனின் ரகசியத்தை எல்லாம் ஜனங்களுக்குப் போட்டுக் கொடுத்தார். மன்னருக்கு அட்வைஸ் என்பது மேலே சுற்றிய பேப்பர்தான். அப்புறம் 1677-ல் வெளியான புத்தகத்தில் ஸ்பினோசா கிட்டத்தட்ட அதையே சந்தேகமாகச் சொன்னார். 1762-ல் ரூஸோ வந்து போட்டு உடைத்தார், இது ராஜாக்களுக்கான புத்தகம் இல்லை, குடியரசுக்காரர்களுக்கான புத்தகம் என்று.

ரூஸோ பிடித்த பாயின்ட் செமையானது. மாக்கியவெல்லி தேர்ந்தெடுத்த ஹீரோவைப் பாருங்க என்கிறார். சேஸரே போர்ஜியா. போப் ஆறாம் அலெக்ஸாண்டரின் மகன். (போப்புக்கு மகனா என்று கேட்காதீங்க, அது தனிக் கட்டுரை.) இந்த சேஸரே, ரொமான்யா பகுதியை அடக்க ரெமிரோ என்கிற முரட்டு அதிகாரியை அனுப்பினார். அவர் கொடூரமாக அடக்கினார். ஜனங்கள் வெறுப்பின் உச்சிக்குப் போனதும், 1502 டிசம்பரில் ஒரு காலை, செசேனா ஊர் சதுக்கத்தில் அதே ரெமிரோ ரெண்டு துண்டாகக் கிடந்தார். பக்கத்தில் ஒரு கட்டையும் ரத்தக்கறை படிந்த கத்தியும். ஜனங்களுக்குத் திருப்தியும் ஆச்சு, பீதியும் ஆச்சு என்று மாக்கியவெல்லி எழுதுகிறார். புது இளவரசனுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது என்கிற ரேஞ்சில் பில்டப். ஆனால் அதே அத்தியாயம் முடிவதற்குள் அந்த முன்மாதிரி மண்ணைக் கவ்வுகிறது. அப்பா செத்ததும் எல்லாம் போச்சு. இன்னொரு விஷயம், 1503-ல் மாக்கியவெல்லி ரோமில் தூதராக இருந்தபோது, விழுந்துகொண்டிருந்த சேஸரேயைப் பற்றி ஊருக்கு அனுப்பிய ரிப்போர்ட்களில் மரியாதை ரொம்பக் குறைவு. அப்படிப்பட்ட ஆளைப் பத்து வருஷம் கழித்துத் தோளில் தூக்கி வைத்து ஆடுகிறார் என்றால்?

பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று ஒன்று படித்தோமே, புகழ்வது மாதிரி இகழ்வது. 1958-ல் கேரட் மேட்டிங்லி என்ற சரித்திர ஆசிரியர் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். மொத்தப் புத்தகமும் நக்கல், அரசனுக்கு அறிவுரை சொல்லும் அந்தக் காலத்து நூல்வகையையே கிண்டலடிக்கிற வேலை என்பது அவர் கட்சி.

1986-ல் மேரி டீட்ஸ் என்கிற அமெரிக்கப் பேராசிரியை இன்னும் ஒரு படி மேலே போனார். இது நக்கல் இல்லை, பொறி! லோரென்ஸோவைக் கவிழ்க்க வைத்த பொறி என்றார். புத்தகத்தில் மெடிசிக்கு என்னென்ன அட்வைஸ் கிடைக்கிறது என்று சேர்த்துப் பாருங்க. சுதந்திரமாக வாழ்ந்து பழகின ஊரைப் பிடித்தால் அந்த ஊருக்குள்ளேயே போய்க் குடியிரு. பெரிய குடும்பத்து ஆட்களை நம்பாதே. ஜனங்கள் கையில் ஆயுதம் கொடு. கோட்டையை நம்பாதே. தனித்தனியாகப் பார்த்தால் நல்ல அட்வைஸ்தான். ஆனால் குடியரசு நினைப்பு இன்னும் ஆறாத ஃப்ளோரன்ஸில், துணைக்கு ஆள் இல்லாமல், கோட்டை இல்லாமல், ஆயுதம் வைத்திருக்கும் ஜனங்களுக்கு நடுவே ஒரு மெடிசி குடியிருந்தால்? கதை முடிந்தது!

கேட்க சூப்பரா இருக்கு. எனக்கும் முதலில் புல்லரித்தது. ஆனால் அந்த டிசம்பர் கடிதத்தை மறுபடி எடுங்க. அதே கடிதத்தில், இந்த மெடிசிகள் எனக்கு ஏதாவது வேலை போட்டுக் கொடுத்தால் தேவலை, ஒரு கல்லை உருட்டச் சொன்னாலும் உருட்டுவேன் என்று புலம்பியிருக்கிறார். நெருங்கிய நண்பனுக்கு எழுதிய தனிக் கடிதம். பொறி வைக்கிறவன் இப்படியா எழுதுவான்? போதாததுக்கு அவர் மனசாரக் குடியரசை ஆதரித்து எழுதிய 'டிஸ்கோர்ஸஸ்' புத்தகத்திலும் கோட்டையை நம்பாதே, ஜனங்களுக்கு ஆயுதம் கொடு என்றுதான் சொல்கிறார். எதிரிக்குத் தந்த விஷத்தையே நண்பனுக்கும் டானிக் என்று கொடுப்பாரா என்ன? பொறித் தியரி என் கணக்கில் ஃபெயில். பாடர்லைன்கூட இல்லை.

தாவீதின் கையில் கத்தி எப்படி வந்தது?

இங்கேதான் மெயின் ஆள் என்ட்ரி. லியோ ஸ்ட்ராஸ். ஜெர்மனியில் பிறந்த யூதர். 1932-ல் நாட்டைவிட்டுக் கிளம்பியவர், ஹிட்லர் வந்தபின் திரும்பவே முடியாமல், சுற்றிச் சுற்றி அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். நினைத்ததைச் சொன்னால் உயிர் போகும் என்கிற காலத்தில் ஒரு தத்துவவாதி எப்படி எழுதுவான் என்பதுதான் அவர் வாழ்நாள் கேள்வி. 1952-ல் அதைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். அவர் பதில் இது: வரிகளுக்கு நடுவில் எழுதுவான். மேலே இருப்பது எல்லோருக்கும். அடியில் இருப்பது கவனமாகப் படிக்கிற ஒரு சிலருக்கு. போலீஸ்காரன் அவசரமாகப் படிப்பான், சிந்திக்கிற பையன் நிதானமாகப் படிப்பான், அந்த வித்தியாசத்தில் ஒளிந்துகொள்ளலாம்.

1958-ல் மாக்கியவெல்லியைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். ஆரம்பமே அதிரடி. மாக்கியவெல்லி கெட்டதைச் சொல்லிக் கொடுத்தவர் என்கிற பழைய கருத்துதான் எனக்கும் என்கிறார். ரூஸோ மாதிரி அவரை நல்லவராக்க முயற்சிக்கவில்லை. ஆனால் உள்ளே ஒளித்து வைத்தது இளவரசன் மேட்டரைவிடப் பெரிசு, மதத்தின் அடித்தளத்தையே நோண்டுகிற மேட்டர் என்றார்.

ஆதாரம்? இளவரசனின் பதிமூணாம் அத்தியாயம். சொந்தப் படை வேணும், கடன் வாங்கிய படை ஆகாது என்பது டாபிக். பைபிளிலிருந்து தாவீது கதையைச் சொல்கிறார். கோலியாத்தோடு மோதப்போகும் தாவீதுக்கு சவுல் ராஜா தன் கவசத்தைக் கொடுக்கிறார். தாவீது போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லி, தன் கவணையும் தன் கத்தியையும் எடுத்துக்கொண்டு போகிறான்.

ஒரு நிமிஷம். கத்தியா? பைபிளில் தாவீது கத்தி எடுத்துக்கொண்டு போகவே இல்லை! கைத்தடி, கவண், அஞ்சு கூழாங்கல். அவ்வளவுதான். அவன் கையில் பட்டயம் இல்லை என்று பைபிள் தனியாகவே குறிப்பிடுகிறது. கோலியாத்தின் வாளை உருவித்தான் அவன் தலையை வெட்டுகிறான். கதையின் உயிரே அதில்தான் இருக்கு. ஆயுதம் இல்லாத பையனுக்குக் கடவுள் துணை. மாக்கியவெல்லி அந்தக் கதையில் கடவுளை எடுத்துவிட்டுக் கத்தியைச் செருகிவிட்டார்.

ஸ்ட்ராஸ் இதை சும்மா விடுவாரா? இவ்வளவு படித்த மனுஷன் இப்படி ஒரு தப்பைத் தெரியாமல் செய்ய மாட்டான் என்கிறார். கூடவே டிஸ்கோர்ஸஸில் மூணாம் பாகம் நாற்பத்தெட்டாம் அத்தியாயத்தையும் காட்டுகிறார். எதிரி பெரிய தப்பு ஒன்று செய்வதைப் பார்த்தால் அதற்கு அடியில் ஒரு தந்திரம் இருப்பதாக நினைத்துக்கொள் என்பது அங்கே வரும் பாடம். போர்க்களத்துக்குச் சொன்னது. ஆனால் அது மாக்கியவெல்லியே தன் வாசகனுக்குக் கொடுத்த சாவி என்பது ஸ்ட்ராஸின் வாதம்.

அடுத்தது இன்னும் காரம். டிஸ்கோர்ஸஸ் முதல் பாகம், இருபத்தாறாம் அத்தியாயம். புதுசா ஒரு நாட்டைப் பிடித்தவன் எல்லாவற்றையும் புதுசாக மாற்றணும், பணக்காரனை ஏழையாக்கி ஏழையைப் பணக்காரனாக்கணும் என்கிறார். உதாரணத்துக்கு தாவீது ராஜா. அதோடு, பசித்தவர்களை நிரப்பி பணக்காரர்களை வெறுங்கையோடு அனுப்பியதைச் சொல்லும் பைபிள் வரியை தாவீதின் மேல் ஏற்றி எழுதுகிறார். ஆனால் அந்த வரி லூக்கா சுவிசேஷத்தில் மரியாள் பாடும் பாட்டு. அங்கே அதைச் செய்கிறவர் தாவீது இல்லை, கடவுள்! அடுத்த மூச்சிலேயே, இதெல்லாம் ரொம்பக் கொடூரமான முறைகள், மனுஷத்தன்மைக்கே விரோதம் என்றும் எழுதுகிறார். ரெண்டையும் கூட்டிப் பாருங்க. கொடுங்கோலன் என்று யாரைச் சொன்னார்? நேரடியாகச் சொல்லியிருந்தால் எரித்திருப்பார்கள். அவர் ஊரின் பெரிய சதுக்கத்திலேயே, 1498-ல், சவனரோலா என்ற துறவியைத் தூக்கிலிட்டு எரித்ததைப் பார்த்த தலைமுறை அது.

இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே கொஞ்சம் சில்லென்று இருந்தது. இதை வெறும் ஞாபகமறதி என்று தள்ளுவது கஷ்டம். அந்த மரியாள் பாட்டு தினம் சாயந்திரப் பிரார்த்தனையில் பாடுவது. ஃப்ளோரன்ஸில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் யாரைப் பற்றியது என்று சொல்லும்.

ஆனால் கத்தி மேட்டரில் எனக்கு வேறு ஒரு டவுட். மாக்கியவெல்லி பதினாலு வருஷம் வேலை பார்த்த ஆபீஸ் எது? ஃப்ளோரன்ஸின் அரண்மனைக் கட்டிடம். அதன் முற்றத்தில் 1495-லிருந்து டோனடெல்லோ செய்த வெண்கல தாவீது நின்றது. கையில் பெரிய வாள். கட்டிடத்துக்குள்ளே வெரோக்கியோ செய்த இன்னொரு வெண்கல தாவீது, அவன் கையிலும் வாள். 1504-ல் வாசலிலேயே மைக்கேலாஞ்சலோவின் பளிங்கு தாவீதை நிறுத்தினார்கள், தோளில் கவண். ஆபீஸுக்குப் போகும்போதும் வரும்போதும் தினம் கவணும் வாளும். கூழாங்கல் பையனைவிட வாள் பிடித்த பையன்தான் மனசில் பதிந்திருப்பான் என்று தோன்றுகிறது. இது என் யூகம்தான். ஆனால் ரகசியத் தத்துவம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அந்த ஆள் தினம் எதைப் பார்த்தான் என்றும் கேட்கணும் இல்லையா?

நம்பர் விளையாட்டு

ஸ்ட்ராஸிடம் எனக்குப் பிடிக்காத ஏரியா எண்கள். டிஸ்கோர்ஸஸில் மூணு பாகம். 60, 33, 49 அத்தியாயங்கள். கூட்டினால் 142. ரோமானிய சரித்திரம் எழுதிய லிவியின் புத்தகத்தில் மொத்தப் பாகங்கள் 142. மாக்கியவெல்லி விளக்கம் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டது முதல் பத்துப் பாகத்துக்குத்தான். ஆகவே பத்து என்பது வேஷம், மொத்த லிவிதான் குறி என்கிறார். சரி, இது தற்செயலாக இருக்க வாய்ப்பு கம்மிதான், ஒத்துக்கலாம். ஆனால் அதோடு நிறுத்தினாரா? இளவரசனில் 26 அத்தியாயம், அதனால்தான் டிஸ்கோர்ஸஸின் 26-ஆம் அத்தியாயம் இளவரசனைப் பற்றி, 26 என்பது 13-இன் இரட்டிப்பு என்று நியூமராலஜிக்காரர் கணக்காகப் போய்க்கொண்டே இருக்கிறார். நம்ம ஊர் ராசிபலன் புத்தகம் தோற்றது. இளவரசனின் மூலக் கையெழுத்துப் பிரதியே இன்று நம்மிடம் இல்லை. நகலெடுத்தவர்கள் கை பட்ட பிரதிகள்தான் இருக்கு. அதை வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து சங்கேதம் என்று அடித்துச் சொல்வதில் ரிஸ்க் இருக்கு.

இதற்கு நேரெதிர் டீம் ஒன்று உண்டு. கேப்டன் க்வென்டின் ஸ்கின்னர், கேம்பிரிட்ஜ். 1969-ல் ஒரு நீளமான கட்டுரையில் இந்த மாதிரித் தேடல்களை வெளுத்து வாங்கினார். ஒரு புத்தகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு இருக்காதே, அதே காலத்தில் மற்றவர்கள் என்ன எழுதினார்கள் என்று படி, இந்த ஆசிரியர் அதில் எதை மாற்றினார் என்று பார் என்பது அவர் வழி.

அதற்கு ஒரு சாம்பிள். இளவரசனின் மிகப் பிரபலமான இடம் சிங்கமும் நரியும். அரசன் சிங்கமாகவும் இருக்கணும், நரியாகவும் இருக்கணும். நமக்கு இது ஒரு நல்ல உவமை, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குப் படித்த எந்த இத்தாலியப் பையனும் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலைப் பாடமாகப் படித்தவன். அதில் சிசரோ, பலாத்காரம் சிங்கத்தின் குணம், மோசடி நரியின் குணம், ரெண்டுமே மனுஷனுக்கு லாயக்கில்லை, அதிலும் நரிக்குணம் ரொம்ப அசிங்கம் என்று சொல்லியிருப்பார். மாக்கியவெல்லி அதே ரெண்டு மிருகத்தை எடுத்து அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுகிறார். சிசரோ பேரைச் சொல்லவே இல்லை! ஏன் சொல்லணும்? எல்லாருக்கும் தெரியுமே. ரஜினி பஞ்ச் டயலாக்கை மாற்றிப் பேசினால் யாராவது ஒரிஜினல் எந்தப் படம் என்று அடிக்குறிப்பு போடுவாங்களா? அங்கே ரகசியம் என்று எதுவும் கிடையாது. அவர் யாரைப் பார்த்துக் கண்ணடித்தாரோ அந்த ஆட்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பின்னால் வந்த நமக்கு அது புதிராகத் தெரிகிறது.

என்னைக் கேட்டால் இளவரசனில் நாம் 'மறைபொருள்' என்று தேடுகிறதில் பாதிக்கு மேல் இந்த வகைதான். மீதியில் கொஞ்சம் ஸ்ட்ராஸ் சொல்கிற வகை. மிச்சம், தேடுகிறவர் தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டுக் கண்டுபிடித்த வகை.

இங்கிலாந்தில் ஒரு இருமல்

அதே காலத்தில் ஒளிவிளையாட்டு ஆடிய இன்னொருத்தர் தாமஸ் மோர். 1516-ல் 'யுடோபியா' வெளியானது. தனிச்சொத்து இல்லாத, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் மட்டும் வேலை செய்கிற, தங்கத்தில் மூத்திரச் சட்டி செய்து வைத்திருக்கிற ஒரு தீவின் கதை. அதைச் சொல்கிற மாலுமியின் குடும்பப் பெயருக்குக் கிரேக்கத்தில் உளறல் வியாபாரி என்கிற மாதிரி அர்த்தம். முதல் பெயரோ ரஃபேல், குணமாக்கும் தேவதூதன். தீவின் பெயருக்கு 'இல்லாத இடம்'. ஆற்றின் பெயருக்குத் தண்ணி இல்லாதது! அது எங்கே இருக்கு என்று மாலுமி சொல்லும்போது பார்த்து யாரோ இருமிவிட்டார்களாம், காதில் விழவில்லையாம். புத்தகத்தோடு அச்சான கடிதத்தில் மோரின் நண்பர் சீரியஸாக இப்படி வருத்தப்படுகிறார். மாக்கியவெல்லி எங்கே ஒளித்தார் என்று தேடிச் சாகிறோம், மோர் நான் ஒளிக்கிறேன் என்று போர்டு மாட்டிவிட்டு ஒளித்தார். ஆனாலும் அவர் அந்தத் தீவை நிஜமாகவே விரும்பினாரா, கிண்டலடித்தாரா என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து கிடையாது. 1535-ல் எட்டாம் ஹென்றி அவர் தலையை எடுத்தார். யுடோபியாவுக்காக இல்லை. சர்ச்சுக்கு ராஜாவே தலைவர் என்பதை மோர் ஏற்கவில்லை. அவரைக் கொன்றது எழுதினது இல்லை, வாயைத் திறக்காமல் இருந்தது.

சாட்சி இருக்கு!

சரி, இவ்வளவு சந்தேகம் கிளப்பியாச்சே, மாக்கியவெல்லி ஒளித்து எழுதினார் என்பதற்கு வெளி ஆதாரம் ஏதாவது உண்டா? உண்டு.

1520-ல் ஒருவழியாக மெடிசிகள் அவருக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். ஃப்ளோரன்ஸின் சரித்திரத்தை எழுதணும். சம்பளம் கொடுப்பது மெடிசி. எழுத வேண்டிய சரித்திரத்தில் பாதி மெடிசி தாத்தாக்கள் குடியரசை எப்படி முழுங்கினார்கள் என்கிற கதை! மாட்டிக்கிட்டார் இல்ல? அவருடைய இளைய நண்பர் டொனாட்டோ ஜன்னோட்டி பிறகு ஒரு கடிதத்தில் இதை எழுதி வைத்தார். மாக்கியவெல்லி அவரிடம் சொன்னாராம்: சுதந்திரமாக எழுத என்னால் முடியாது. நடந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் என் வாயால் சொல்ல முடியாததை மெடிசிகளின் எதிரிகள் பேசுகிற மாதிரி எழுதுவேன். புரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் அந்த எதிரிகள் பேச்சைக் கவனிக்கட்டும்.

இதுதான் எனக்குத் தங்கம். எண்கணிதம் வேண்டாம், கூட்டல் கழித்தல் வேண்டாம். எழுதினவரே இந்த இடத்தில் தோண்டு என்று இன்னொருத்தரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சரித்திரத்தில் மெடிசி எதிரிகள் பேசும் பிரசங்கங்களைப் படித்தால் சும்மா அனல் பறக்கும். 1525-ல் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் மெடிசி போப்பிடமே கொடுத்து, பரிசும் வாங்கிக்கொண்டு வந்தார் மனுஷன். 1521-லேயே நண்பர் குவிச்சார்டினிக்கு எழுதிய கடிதத்தில், ரொம்ப நாளாக நான் நினைப்பதைச் சொல்வதில்லை, சொல்வதை நினைப்பதில்லை, எப்பவாவது உண்மை வாயில் வந்துவிட்டால் அதையும் பொய்களுக்கு நடுவே புதைத்துவிடுகிறேன் என்று ஜோக்கடித்திருந்தார். ஜோக்தான். ஆனால் யார் அடித்த ஜோக் என்று பாருங்க.

ஆக, அடுத்த தடவை உங்க லைப்ரரியில் தி பிரின்ஸ் கண்ணில் பட்டால் ஒன்றாம் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்காதீங்க. அது வெறும் பாகுபாடு, தூக்கம் வரும். ஏழாம் அத்தியாயம், பதிமூணு, பதினெட்டு. இந்த மூணையும் படிங்க. பதிமூணைப் படிக்கும்போது பக்கத்தில் பைபிளில் சாமுவேல் முதல் புத்தகம் பதினேழாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கோங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நீங்களே பென்சிலில் குறிங்க. அப்புறம் ஸ்ட்ராஸைத் திறங்க, அதற்கு முன்னாடி வேண்டாம். அவரை முதலில் படித்தால் அப்புறம் எந்தக் கமாவைப் பார்த்தாலும் சதி மாதிரித் தெரியும்.

அப்புறம் நம்ம ஹீரோவுக்கு என்ன ஆச்சு? 1527 மே மாதம் ஃப்ளோரன்ஸ்காரர்கள் மறுபடியும் மெடிசிகளை விரட்டினார்கள். குடியரசு திரும்பி வந்தது. மாக்கியவெல்லி எந்தக் குடியரசுக்காகப் பதினாலு வருஷம் குதிரையில் அலைந்தாரோ, கயிற்றில் தொங்கினாரோ, அதே குடியரசு. பழைய செயலாளர் நாற்காலி தனக்குத்தான் என்று நம்பினார். வேறு ஒருத்தருக்குக் கொடுத்தார்கள். ஏன் என்று, அந்தக் காலத்தைப் பார்த்த புசினி என்பவர் 1549-ல் ஒரு கடிதத்தில் சொல்கிறார். காரணம் தி பிரின்ஸ்தான். அப்போ அது அச்சாகவில்லை, கையெழுத்துப் பிரதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சொத்தைப் பிடுங்க மெடிசிக்குச் சொல்லிக்கொடுத்தவன் இவன் என்று பணக்காரர்கள் கடுப்பானார்கள். சுதந்திரத்தைப் பிடுங்கச் சொல்லிக்கொடுத்தவன் என்று ஏழைகள் கடுப்பானார்கள். உள்ளே வேறு அர்த்தம் இருக்கலாமே என்று அந்த ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 21-ஆம் தேதி வயிற்றுவலி முற்றி, ஐம்பத்தெட்டு வயதில் இறந்துபோனார்.